கீழிருந்து ஒரு பார்வை: சிறார் நூல்களும் பெரியவர்களும்

சிறார் நூல்களை எழுதுவோர், பதிப்பிப்போர், காசு கொடுத்து வாங்குவோர் எல்லோரும் பெரும்பாலும் பெரியவர்களே. 1984இல் ஜாக்குலின் ரோஸ் 'பீட்டர் பான்' கதையை முன்வைத்து எழுதிய ஆய்வு நூல், குழந்தை எப்படி இருக்க வேண்டும் என்ற பெரியவர்களின் ஆசையே சிறார் இலக்கியமாக உருவெடுக்கிறது என்று வாதிட்டது. 2008இல் பெரி நோடல்மன் இதை வேறு பக்கம் திருப்பினார். எளிய சொற்களில் ஓடும் கதைக்கு அடியில், சொல்லாமல் விட்டவற்றால் ஆன இன்னொரு கதை நிழலாகக் கிடக்கிறது என்றார். ரோஸ் நம்மைச் சந்தேகிக்க வைக்கிறார். நோடல்மன் மறுபடி வாசிக்க வைக்கிறார். வாசகருக்குப் பின்னவரே அதிகம் உதவுகிறார் என்பது என் எண்ணம்.

தெத்சுகோ குரோயாநாகியின் 'டோட்டோ-சான்' 1981இல் ஜப்பானில் நூலாக வந்தது. தமிழிலும் ஆசிரியர்கள் விரும்பி வாசிக்கும் நூல். முதல் வகுப்பிலேயே பள்ளியை விட்டு நீக்கப்பட்ட சிறுமி, ரயில் பெட்டிகளே வகுப்பறைகளான ஒரு பள்ளியில் சேர்கிறாள். தலைமையாசிரியர் கோபயாஷி முதல் நாளில் அவள் பேசுவதை நான்கு மணி நேரம் உட்கார்ந்து கேட்கிறார். நமக்கும் இப்படி ஒரு பள்ளி வாய்க்காதா என்று வாசிக்கும் பிள்ளை ஏங்கும். பெரியவர் கண்ணில் படுவது அம்மா. மகளைப் பள்ளியிலிருந்து நீக்கிய செய்தியைப் பற்றி அவள் மூச்சுவிடவில்லை. மகள் வளர்ந்து பெரியவளான பிறகுதான் சொல்கிறாள். அந்த மௌனத்தின் கனம் ஏழு வயதில் பிடிபடாது. 1945 குண்டுவீச்சில் அந்தப் பள்ளி எரிந்துபோனதும் அப்படித்தான்: பிள்ளைக்கு அது கதையின் முடிவு, நமக்கு அது போர்.

மிகைல் எண்டே 1973இல் எழுதிய 'மோமோ' இன்னும் நேராக நம்மிடம் வருகிறது. சாம்பல் நிற மனிதர்கள் ஊருக்குள் நுழைந்து, நேரத்தை மிச்சம் பிடிக்கச் சொல்கிறார்கள். முடிதிருத்துபவர் ஒருவரின் வாழ்நாளை நொடிக்கணக்காகப் போட்டுக் காட்டுகிறார்கள். வயதான தாயோடு பேசும் நேரம் வீண், பாடும் நேரம் வீண். அவரும் வாடிக்கையாளரோடு பேசுவதை நிறுத்திவிட்டுக் கத்தரியை வேகமாக ஓட்டத் தொடங்குகிறார். மிச்சம் பிடித்த நேரம் அவரிடம் சேரவே இல்லை. அலுவலக வாழ்க்கையைப் பற்றி இவ்வளவு துல்லியமான சித்திரத்தைப் பெரியவர்களுக்கான நாவல்களிலும் அரிதாகவே பார்க்க முடிகிறது. அந்த ஊரைக் காப்பாற்றும் சிறுமி மோமோவின் ஒரே திறமை, பிறர் பேசுவதை முழுமையாகக் கேட்பது.

டூவே யான்சன் தன் தாய் இறந்த 1970இல் வெளியிட்ட நாவல், மூமின் என்ற கற்பனைக் குடும்பத்தைப் பற்றிய அவரது கதை வரிசையில் கடைசி. அதில் அந்தக் குடும்பமே வீட்டில் இல்லை. வந்தவர்கள் அவர்களுக்காகக் காத்திருக்கிறார்கள். துக்கம் என்ற சொல்லை உரத்துச் சொல்லாமலே துக்கத்தைப் பேசும் நூல் அது.

பழைய நினைவில் திளைக்கவே பெரியவர்கள் இவற்றைத் தேடுகிறார்கள் என்று குறை சொல்வோர் உண்டு. சிறார் நூலைக் கையில் எடுக்கும் பெரியவரின் கூச்சத்தைப் பதிப்பாளர்களும் அறிவார்கள். 1998இல் 'ஹாரி பாட்டர்' முதல் நூலைப் பெரியவர்களுக்கெனத் தனி அட்டையோடு விற்றார்கள். குழந்தைகள் மட்டுமே ரசிக்க முடிகிற குழந்தைக் கதை நல்ல கதையல்ல என்ற கருத்தை சி.எஸ். லூயிஸ் முன்வைத்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. நான் அவர் பக்கம். கடைசிப் பக்கத்தில் நீதியை ஒட்டவைத்த கதைகள் பெரியவருக்கு எதையும் தருவதில்லை, பிள்ளைக்கும் தருவதில்லை.

தமிழில் அப்படிப்பட்ட கதைகளே நெடுங்காலம் மலிந்திருந்தன. இப்போது நிலைமை மாறிவருகிறது. 2020இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', பாலியல் அத்துமீறலைப் பற்றிக் குழந்தையிடம் பேசுகிறது. பேசுவது ஒரு மரப்பாச்சி பொம்மை. வீடு நிறையப் பெரியவர்கள் இருக்க, அந்தப் பேச்சு பொம்மையின் வாயிலிருந்து வர வேண்டியிருப்பது ஏன் என்ற கேள்வி பெற்றோரைச் சும்மா விடாது.

இத்தகைய நூல்கள் வந்தும், நம் இலக்கிய இதழ்கள் அவற்றுக்கு விருதுச் செய்தி அளவிலேயே இடம் தருகின்றன. நாவலுக்கும் கவிதைக்கும் எழுதுவதுபோல இவற்றுக்கும் முழு விமர்சனம் எழுதப்பட வேண்டும். அடுத்த புத்தகக் காட்சியில் பிள்ளைக்கு ஒரு புத்தகம் வாங்கினால், கொடுப்பதற்கு முன் நீங்கள் ஒருமுறை படித்துவிடுங்கள்.