சாரல் விழுந்தா சரியாயிரும்!

ஜூன் பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் நலம் விசாரிப்பதுகூட இரண்டாம் பட்சம்தான். "குத்தாலத்துல சாரல் தொடங்கிருச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. தொடங்கிவிட்டது என்று யாராவது சொன்னால் போதும், அந்த வாரமே கிளம்பிவிடுவேன். ஊட்டி, கொடைக்கானல், மூணாறு எல்லாம் பார்த்தாயிற்று. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கடுகடுவென்று போகிற மனுஷனைச் சிரிக்கவைத்துத் திருப்பி அனுப்புகிற வித்தை குற்றாலத்துக் காற்றுக்கு மட்டும்தான் தெரியும். அடித்துச் சொல்வேன்.

எனக்கு வீடு பாளையங்கோட்டை. அக்கினி நட்சத்திரம் முடிந்ததாகப் பஞ்சாங்கம் சொல்லும், மொட்டைமாடிக்கு அது தெரியாது. பகலெல்லாம் குடித்த வெயிலைத் தளம் ராத்திரி முழுக்க அறைக்குள் இறக்கும், மின்விசிறி அதை அள்ளி நம் மேலேயே கொட்டும். நன்றாகத் தூக்கம் பிடிக்க உடம்பின் உள்சூடு கொஞ்சம் இறங்க வேண்டும். அறை ஆறாவிட்டால் அது எங்கே இறங்கும்? புழுக்கமும் சேர்ந்துகொண்டால் வியர்வையும் காயாது. நாலு ராத்திரி இப்படிப் போனால் காப்பியில் சீனி குறைந்ததற்கெல்லாம் வீட்டில் சண்டை வரும். என்னைக் கேட்டால், மே மாதச் சண்டைகளில் பாதிக்கு மனிதர்கள் பொறுப்பே இல்லை.

மேல்நாட்டில் கதை வேறு. குளிர்காலத்தில் வெளிச்சம் குறைகிறபோது சிலருக்கு மனச்சோர்வு வருகிறது என்பதை 1984இல் நார்மன் ரோசந்தாலும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து எழுதினார்கள். அதற்குப் பிரகாசமான விளக்கின் முன் உட்காரவைத்து வைத்தியமும் செய்கிறார்கள். நமக்கு வெளிச்சத்துக்கு என்ன பஞ்சம்? இங்கே மேகம் கறுத்தால்தான் முகம் தெளியும். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்து, அதன்மேல் மனித உணர்வை உட்காரவைத்த தொல்காப்பியருக்கு இதெல்லாம் எப்போதோ தெரிந்திருக்கிறது.

திருநெல்வேலியில் பஸ் ஏறி ஆலங்குளம் வரை நான் பழைய சிடுமூஞ்சிதான். பாவூர்சத்திரம் தாண்டியதும் காற்றில் ஒரு ஈரம் தட்டும். போன முறை ஜன்னல் ஷட்டரை இறக்கப் போனேன். பக்கத்தில் இருந்த பெரியவர் கையைப் பிடித்துவிட்டார்: "இறக்காதீங்க தம்பி, இந்தக் காத்துக்குத்தான வாரோம்!" தென்காசியில் இறங்கிக் காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், அப்படி ஒரு காற்று.

இது வெறும் காற்று இல்லை, கேரளத்தில் கொட்டித் தீர்க்கிற தென்மேற்குப் பருவமழையின் மிச்சம். மலைக்குக் கிழக்கே இருப்பதால் அந்தப் பருவத்தில் எங்கள் மாவட்டங்களுக்குப் பெரிய மழை கிடையாது. ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவுப் பக்கம், மேற்குத் தொடர்ச்சி மலை சற்றுத் தணிந்து வழிவிடுகிறது. அந்த வாசல் வழியாகப் பெருமழையைக் கேரளத்தில் இறக்கிவைத்துவிட்டு, தூறலை மட்டும் தூக்கிக்கொண்டு காற்று இந்தப் பக்கம் பாய்கிறது. அதனால்தான் வெயிலும் தூறலும் காற்றும் ஒரே நேரத்தில் கிடைக்கின்றன.

அந்தச் சாரல் மேலே விழுவதைக் கிட்ட வைத்துப் பார்க்க வேண்டும். முன்கை ரோமத்தில் கடுகு கடுகாகத் துளி நிற்கும். உருளாது, வழியாது. காற்று அதை ஊதிக் காயவைக்கும். அது காய்வதற்குள் அடுத்தது வந்து உட்காரும். சட்டை நனைந்ததா இல்லையா என்று தொட்டுப் பார்த்தாலும் சொல்ல முடியாது. மணிக்கணக்கில் இப்படி நடந்தால் உடம்பில் சூடு என்று ஒன்று இருந்ததே மறந்துபோகும். கூடவே கோபமும். யார் மேல் கோபம் என்று யோசித்துத்தான் பார்க்க வேண்டியிருக்கும்!

அருவியைப் பற்றிச் சொல்லவில்லையே என்பீர்கள். பேரருவி நேராகத் தலையில் கொட்டிவிடாது. பொங்குமாங்கடலில் விழுந்து, வேகம் தணிந்து, பிறகுதான் நம்மிடம் வருகிறது. முதல் அடியில் மூச்சு அடைக்கும், அடுத்த நிமிஷம் காரணமே இல்லாமல் சிரிப்பு வரும். எனக்கு மட்டுமில்லை, ஐந்தருவியில் அக்கம்பக்கம் பாருங்கள், முன்பின் தெரியாதவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் இளித்துக்கொண்டு நிற்பார்கள். அருவி நீர் சிதறும்போது சுற்றியுள்ள காற்றில் எதிர்மின்னூட்டம் ஏறுகிறது என்று 1892இலேயே பிலிப் லெனார்ட் எழுதிவைத்தார். அப்படி மின்னூட்டம் ஏறிய அயனிதான் மனசை லேசாக்குகிறது என்கிறவர்களும் உண்டு; ஆய்வுகள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. வரட்டும், மெதுவாக வரட்டும். எனக்கு அவசரமில்லை.

குளித்து முடித்த பசி தனி ஜாதி. பிரானூர் பார்டரில் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு சால்னாவை ஊற்றுகிறபோது, வீட்டில் ஒரு இட்லியோடு எழுந்திருக்கிற ஆளா நான் என்று எனக்கே சந்தேகம் வரும். திரும்பும் வழியில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் கூடையில் ஏறும். இலக்கிய ரசனைக்குப் பேர்போன ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்திலேயே வந்து தங்கிவிட்டதிலும், ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி இங்கே வந்ததிலும் எனக்கு ஆச்சரியமே இல்லை. நல்ல ரசிகர் வேறு எங்கே குடியிருப்பார்?

ஒரு கொள்கைச் சண்டை மட்டும் பாக்கி இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழைக்கும் அருவியில் தண்ணீர் விழும், ஐயப்ப பக்தர்கள் கூட்டமும் அலைமோதும். "தண்ணி விழுதுல்லா, அப்புறம் என்ன?" என்பார் என் மச்சினர். தண்ணீர் விழும் அத்தான், சாரல் எங்கே? அருவிக்காக மட்டும் குற்றாலம் போகிறவர் பாதிக் குற்றாலத்தைத்தான் பார்த்தவர். என் தீர்ப்பு அதுதான், மேல்முறையீடு கிடையாது.

போகிறவர்களுக்கு: ஜூனிலிருந்து ஆகஸ்டுக்குள் போங்கள். சனி, ஞாயிறு வேண்டாம், அருவியைவிட வரிசைதான் நீளமாக இருக்கும். பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டினால் குளிக்கத் தடை போடுவார்கள். போலீஸ்காரரிடம் வாதாடாமல் காற்று வாங்கிக்கொண்டு காத்திருங்கள். சோப்பு, ஷாம்பு அருவியில் கூடாது. துண்டு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். குடையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், அங்கே அடிக்கிற காற்றில் அது எப்படியும் மடங்கிவிடும்.