சோவியத்துக்குப் பிந்தைய நாடுகளும் நிலைமாற்றக் கோட்பாடும்: ஒரு விமரிசனம்

1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது அதன் 15 குடியரசுகளும் தனி நாடுகளாகியிருந்தன. இவை ஒருகட்சி ஆட்சியிலிருந்து மக்களாட்சிக்கும், திட்டமிட்ட பொருளாதாரத்திலிருந்து சந்தைப் பொருளாதாரத்திற்கும் நகரும் என்ற எதிர்பார்ப்பே நிலைமாற்றக் கோட்பாடு எனப்படுகின்றது. சேருமிடம் பற்றி இக்கோட்பாட்டில் பெரிய ஐயம் இருக்கவில்லை. விவாதம் எல்லாம் வேகம் பற்றியே நடந்தது. அனைத்தையும் ஒரே வீச்சில் மாற்றும் "அதிர்ச்சி வைத்தியம்" நல்லதா, படிப்படியான மாற்றம் நல்லதா என்பதே கேள்வி. முப்பது ஆண்டு அனுபவத்தை வைத்துப் பார்த்தால், அக்கேள்வியே போதாதது என்று தெரிகின்றது.

விரைந்து மாறிய மூன்று நாடுகள்

உருசியா 1992 சனவரியில் பெரும்பாலான பொருட்களின் விலைக் கட்டுப்பாட்டை நீக்கியது. அவ்வாண்டின் பணவீக்கம் சுமார் 2,500 விழுக்காடு. மக்களின் வாழ்நாள் சேமிப்புகள் கரைந்துபோயின. அதே ஆண்டு அக்டோபரில் 10,000 ரூபிள் முகமதிப்புள்ள தனியார்மயப் பற்றுச்சீட்டுகள் குடிமக்களுக்கு வழங்கப்படத் தொடங்கின. வறுமையில் பலர் அவற்றை மலிவாக விற்றனர். 1995 இல் "பங்குகளுக்குக் கடன்" திட்டத்தின் கீழ் யூக்கோசு, நோரில்சுக்கு நிக்கல் போன்ற பெரும் நிறுவனங்களின் பங்குகள் ஒரு சில வங்கி உரிமையாளர்களிடம் குறைந்த விலைக்குப் போயின. 1990 இல் சுமார் 64 ஆக இருந்த ஆண்களின் சராசரி ஆயுள் 1994 இல் 58 க்கும் கீழே இறங்கியது.

எசுத்தோனியாவும் விரைந்தே மாறியது. 1992 சூனில் குரூன் நாணயத்தை வெளியிட்டு, அதைச் செருமானிய மார்க்குடன் சட்டப்படி பிணைத்தது. அரசு தன் விருப்பப்படி பணம் அச்சிட முடியாது போயிற்று. பெரிய தொழிற்சாலைகள் வெளிநாட்டாரும் பங்குகொள்ளும் திறந்த ஏலங்களில் விற்கப்பட்டன. 2004 இல் அந்நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் இணைந்தது.

மூன்றாவது கிர்கிசுத்தான். 1993 இல் தனி நாணயம், 1998 இல் முன்னாள் சோவியத் நாடுகளிலேயே முதலாவதாக உலக வணிக அமைப்பில் இடம் என, அறிவுரைகளை விரைந்து ஏற்ற நாடு அது. ஆயினும் 2005, 2010, 2020 ஆகிய ஆண்டுகளில் மக்கள் கிளர்ச்சிகளால் மூன்று தலைவர்கள் பதவி இழந்தனர். ஏராளமான குடும்பங்கள் உருசியாவில் உழைப்போர் அனுப்பும் பணத்தை நம்பி வாழ்கின்றன.

மெதுவாக மாறிய நாடு

பெலருசில் 1994 இல் ஆட்சிக்கு வந்த அலெக்சாண்டர் லுக்கசென்கோ பெரும் தொழிற்சாலைகளை அரசின் கையிலேயே வைத்தார். உருசியாவின் மலிவான எண்ணெயும் எரிவாயுவும் அதற்குத் துணைநின்றன. உருசியாவில் கண்ட பெரும் ஏற்றத்தாழ்வு அங்கு உருவாகவில்லை. ஆனால் வேலை தருவதும் பறிப்பதும் அரசே என்ற நிலை எதிர்ப்பை ஒடுக்கவும் உதவியது. 2020 தேர்தலுக்குப் பின் எழுந்த பெரும் போராட்டங்கள் அடக்கப்பட்டன.

கேட்க வேண்டிய கேள்வி

ஆக, ஒரே வேகம் மூன்று விளைவுகளைத் தந்தது. மெதுவான பாதையும் மக்களாட்சியைத் தரவில்லை. சொத்து கைமாறியபோது கைமாற்றியவரைக் கேள்வி கேட்க யாருக்கு அதிகாரம் இருந்தது என்பதே வேறுபாட்டை ஓரளவு விளக்குகின்றது. உருசியாவில் 1993 அக்டோபரில் நாடாளுமன்றக் கட்டடமே பீரங்கியால் சுடப்பட்டது. பங்குகள் கைமாறியது அதன் பிறகே. எசுத்தோனியாவிலோ நீதிமன்றமும் கூட்டணி அரசுகளும் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிபந்தனைகளும் ஆட்சியாளரைக் கட்டின.

எசுத்தோனியாவை முன்மாதிரியாக மட்டும் காட்டுவதும் சரியன்று. 1992 இல் அங்கு வாழ்ந்தோரில் மூன்றில் ஒரு பங்கினர், பெரும்பாலும் உருசிய மொழி பேசுவோர், குடியுரிமையற்று இருந்தனர். பின்லாந்தின் அண்மையும் ஐரோப்பிய ஒன்றியத்தின் அழைப்பும் கிர்கிசுத்தானுக்கு வாய்க்காதவை.

2002 இல் தாமசு கரோதர்சு நிலைமாற்றக் கோட்பாட்டைக் கைவிட வேண்டும் என வாதிட்டார். அவரது வாதம் பெரிதும் ஆட்சிமுறை பற்றியது. அதனுடன் சொத்து யாரிடம் சேர்ந்தது என்பதையும் இணைத்துப் படிக்க வேண்டும். இந்நாடுகளை "இன்னும் பாதி வழியில் நிற்பவை" என்று எழுதும்போது, சேமிப்பை இழந்தோரின் துயர் வழிச்செலவாகச் சுருங்கிவிடுகின்றது. அவை எங்கோ போய்க்கொண்டிருப்பவை அல்ல. அவற்றின் இன்றைய ஆட்சிகளால் பயன்பெறுவோர் உள்ளனர், அவர்களுக்கு மாற்றம் தேவையில்லை.