ஜெபாட்டுக்குக் கைதட்டிவிட்டுத் துவாவைப் பாருங்கள்

ஹங் துவா, ஹங் ஜெபாட் கதை தெரியாமல் மலேசியாவில் யாரும் பள்ளியை விட்டு வெளியே வந்திருக்க முடியாது. அதனாலேயே உஸ்மான் அவாங்கின் ‘மத்தின்யா செஓராங் பஹ்லாவான்’ நாடகம் மேடையேறினால், ‘தெரிந்த கதைதானே’ என்று நம்மவர்கள் போவதில்லை. கதை தெரிந்திருப்பதுதான் இங்கே வசதி. அடுத்து என்ன நடக்குமோ என்ற பதற்றம் இல்லை. யார் எந்தச் சொல்லைச் சொல்கிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்காரலாம்.

மறந்தவர்களுக்காகச் சுருக்கம். அரண்மனையில் யாரோ கோள் மூட்ட, விசாரிக்காமலே துவாவைக் கொல்லச் சொல்கிறார் மலாக்கா சுல்தான். முதன்மை அமைச்சரான பெண்டஹாரா அவனைக் கொல்லாமல் ஒளித்துவைக்கிறார். நண்பன் செத்தான் என்று நம்பிய ஜெபாட் அரண்மனையையே பிடித்துக்கொள்கிறான். ஓடிப்போன சுல்தான், துவா உயிரோடிருப்பது தெரிந்ததும் மன்னித்து அழைத்து, ஜெபாட்டைக் கொல்ல அனுப்புகிறார். யாருக்காகக் கலகம் செய்தானோ அவன் கையாலேயே ஜெபாட் சாகிறான்.

கோள், விசாரிக்காத தீர்ப்பு, நியாயம் கேட்டு எழுந்த கோபம். உடனே மதுரையும் கண்ணகியும் நினைவுக்கு வரும். வரட்டும். ஆனால் பாண்டியன் தன் பிழை தெரிந்ததும் அரியணையிலேயே உயிரைவிட்டான். இந்த சுல்தானுக்கு அப்படி எதுவும் ஆகவில்லை. தான் கொல்லச் சொன்ன துவாவையே கூப்பிட்டு அடுத்த வேலையைக் கொடுக்கிறார். அந்த இடத்தில் துவாவின் கைகளைக் கவனியுங்கள். நெற்றிக்கு நேரே குவித்து அரசரைக் கும்பிடும் ‘செம்பா’வில் ஒரு நல்ல நடிகர் அரை நொடி தயங்குவார். நாடகத்தின் பாதி அந்த அரை நொடிக்குள் இருக்கிறது.

இனிச் சொற்களுக்கு வருவோம். இதில் தமிழ்க் காதுக்குத் தனிச் சலுகை உண்டு. விசுவாசத்துக்கு மலாயில் ‘செத்தியா’; நம் ‘சத்திய’த்தின் வேர்தான் அதற்கும். அரசனை எதிர்ப்பதற்கு ‘டெர்ஹாக்கா’. அது ‘துரோக’த்தின் உறவு. துவாவின் பதவிப்பெயர் ‘லக்சமானா’. ஆம், நம் லட்சுமணன்தான். அண்ணன் சொன்னான் என்பதற்காகச் சீதையைக் காட்டில் விட்டுவந்த தம்பியின் பெயரை, ஆணையை மீறத் தெரியாத ஒரு தளபதி சுமக்கிறான். ஜெபாட்டுக்கோ சத்தியம் என்பது நண்பனுக்குக் கொடுத்தது. ‘செத்தியா’ என்ற ஒரே சொல் இருவர் வாயிலும் வருகிறது. ஒருவன் சொல்லும்போது அரண்மனைப் பக்கம் சாய்கிறது, மற்றவன் சொல்லும்போது நட்பின் பக்கம்.

பழைய ‘ஹிகாயாட் ஹங் துவா’வில் ஜெபாட் அந்தப்புரத்தில் புகுந்து கூத்தடிப்பவன், துரோகி. உஸ்மானின் ஜெபாட் தன்னைக் குடிமக்களில் ஒருவன் என்று சொல்லிக்கொள்கிறான். 1946 முதல் 1951 வரை போலீஸ்காரராக இருந்தவர் உஸ்மான். ஆணைக்குக் கீழ்ப்படிவது எப்படி இருக்கும் என்பதைச் சீருடைக்குள் இருந்தே அறிந்தவர். பிறகு பத்திரிகையாளராகி, 1961-இல் உத்துசான் மலாயு வேலைநிறுத்தத்தில் பங்கேற்றார். நாடகமும் அந்தக் காலத்ததே.

முடிந்தால் நாடகத்துக்கு முந்தின வாரம் ஜோகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கிக்கு ஒரு நடை போய்வாருங்கள். காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. உஸ்மான் பிறந்த கோலா செடிலி அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. மக்களை அவமானப்படுத்த மாட்டேன் என்று அரசனும், துரோகம் செய்ய மாட்டோம் என்று குடிகளும் செய்துகொண்ட ஒப்பந்தத்தைச் சொல்லும் ‘செஜாரா மெலாயு’வை, 1612-இல் துன் ஸ்ரீ லானாங் எழுதத் தொடங்கிய பாசிர் ராஜாவும் அங்கே ஜோகூர் ஆற்றங்கரையில்தான். கம்போங் மக்காமில் சுல்தான் இரண்டாம் மஹ்மூதின் கல்லறை இருக்கிறது. மசக்கைக்கார டாங் அனும் அரண்மனைத் தோட்டத்துப் பலாச்சுளை ஒன்றைத் தின்றாள் என்று அவள் வயிற்றைக் கிழிக்கச் சொன்னார் சுல்தான் என்கிறது மக்கள் கதை. 1699-இல் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பல்லக்கில் போனவரைக் கணவன் மெகாட் ஸ்ரீ ராமா குத்திக் கொன்றான். மலாக்கா அரச வம்சம் ஜோகூரில் அத்தோடு முடிந்தது. ஒரு சுளை! அந்தக் கல்லறைப் பக்கம் நின்றுவிட்டு வந்து பார்த்தால், ஜெபாட் பேசுவது வெறும் வீரவசனமாகக் கேட்காது.

முதல்முறை பார்த்தபோது நான் ஜெபாட்டுக்குக் கைதட்டினேன். எல்லோரும் செய்வதுதான், நல்ல வசனமெல்லாம் அவனுக்கே. 1959-இல் மாணவராக இருந்த காசிம் அகமட், ஹிகாயாட்டின் உண்மையான வீரன் ஜெபாட்தான் என்று ஆய்வேட்டில் வாதாடியதிலிருந்து அந்தக் கட்சிக்கு ஆள் குறைந்ததில்லை. இரண்டாம் முறை துவாவை மட்டும் பார்த்தேன். அவன்தான் கடினமான பாத்திரம். ஜெபாட் மனசாட்சி சொன்னபடி நடந்து செத்துப்போகிறான். துவாவுக்கும் அதே மனசாட்சி இருக்கிறது, ஆனால் அதோடு உயிர்வாழ வேண்டும். துவாவை மரக்கட்டையாக நிற்கவிடும் தயாரிப்புகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவனுக்கு வலிக்காவிட்டால் ஜெபாட்டின் சாவு வெறும் சண்டைக்காட்சிதான்.

தாமிங் சாரி என்ற கிரிஸ் கத்தி கைமாறி, ஜெபாட் சாய்ந்ததும் அரங்கில் கைதட்டல் எழும். கொஞ்சம் பொறுங்கள். துவா இன்னும் பேசி முடிக்கவில்லை. செத்த நண்பனின் பக்கத்தில் இருந்துகொண்டு, இருவரில் யாருடைய விசுவாசம் பெரியது என்று தன்னையே கேட்கிறான். சுல்தான் அங்கே இல்லை. பதில் சொல்ல வேண்டியவனையும் இப்போதுதான் கொன்றிருக்கிறான்.