வாக்குச்சீட்டு எட்டாத கல்லேரி கர்தினால்

திருத்தந்தைத் தேர்தலில் சீட்டுகளை எண்ணத் தொடங்கும் முன்பே பாதி ஆட்டத்தை முடித்துவிடுவது வாக்காளர் பட்டியல். எட்வர்ட் பெர்கர் இயக்கி 2024இல் வெளிவந்த 'கான்கிளேவ்' நல்ல விறுவிறுப்பான படம். அது சறுக்கும் இடமும் இந்தப் பட்டியல்தான்.

ராபர்ட் ஹாரிஸ் 2016இல் வெளியிட்ட நாவலே படத்தின் மூலம். தேர்தலை நடத்தும் கர்தினால் லாரன்ஸாக ரால்ஃப் ஃபைன்ஸ் நடித்திருக்கிறார். சுற்றுக்குச் சுற்று முன்னணி மாறுகிறது. முதல் சுற்றில் முந்தியவர் கடைசிவரை தாக்குப்பிடிப்பதில்லை. பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கும் காட்சிகளிலேயே பதற்றத்தை ஏற்றிவிடுகிறார்கள். பீட்டர் ஸ்ட்ராஹனின் திரைக்கதைக்குக் கிடைத்த ஆஸ்கர் மிகவும் தகும்.

சிஸ்டைன் சிற்றாலயத்தில் நடப்பதும் ஏறக்குறைய அப்படித்தான். கையெழுத்து அடையாளம் தெரியாதபடி பெயரை எழுதி, சீட்டை மடித்து, எல்லோரும் பார்க்க உயர்த்திப் பிடித்தபடி சென்று கலத்தில் இடுகிறார்கள். எண்ணுவோர் மூவர். மூன்றாமவர் பெயரை உரக்க வாசித்து, 'தேர்ந்தெடுக்கிறேன்' என்ற இலத்தீன் சொல்லின் மேல் ஊசியைக் குத்திச் சீட்டை நூலில் கோக்கிறார். பிறகு அத்தனையும் அடுப்புக்குப் போகின்றன. வெல்ல மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 1179இல் வந்த விதி அது.

படத்தின் பிழைக்கு வருவோம். இறந்த திருத்தந்தை இரகசியமாகக் கர்தினாலாக நியமித்திருந்த காபூல் பேராயர் கடைசி நேரத்தில் வந்து சேர, அவரையும் வாக்களிக்க விடுகிறார்கள். உண்மையில் இதற்கு இடமே இல்லை. பெயரை வெளியிடாமல் திருத்தந்தை இறந்துவிட்டால் அந்த நியமனம் அதோடு போயிற்று. 2003இல் இரண்டாம் யோவான் பவுல் ஒருவரை அப்படி மனத்துக்குள் வைத்திருந்தார். பெயரைச் சொல்லாமலே 2005 ஏப்ரல் 2இல் மறைந்தார். அந்த ஒருவர் யாரென்று தெரியாமலே போய்விட்டது.

இன்னொரு விதி இன்னும் கடுமையானது. எண்பது வயதானவருக்கு வாக்கு இல்லை என்று 1970இல் ஆறாம் பவுல் வகுத்தார். அது நம் பக்கத்து மனிதர் ஒருவரைத் தொட்டது. துரைசாமி சைமன் லூர்துசாமி 1924 பிப்ரவரி 5இல் கல்லேரியில் பிறந்தவர். கச்சிராயபாளையமும் கள்ளக்குறிச்சியும் சேர்ந்திருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டத்துக்காரர். இந்த வட்டாரம் அடங்கிய புதுவை உயர்மறைமாவட்டத்தின் குருவாகத் தொடங்கி, பெங்களூர்ப் பேராயராகி, உரோமுக்குச் சென்றவர். 1985 மே 25இல் கர்தினால் ஆனார். கீழைத் திருச்சபைகளுக்கான பேராயத்துக்குத் தலைமை தாங்கினார்.

அன்று தொடங்கிப் பதினெட்டரை ஆண்டுகளுக்கு மேல் வாக்குரிமை கையில் இருந்தது. தேர்தல்தான் வரவில்லை. 1978இல் பொறுப்பேற்ற இரண்டாம் யோவான் பவுல் இருபத்தாறு ஆண்டுகள் ஆட்சி செய்தார். 2004 பிப்ரவரியில் லூர்துசாமிக்கு எண்பது நிறைந்தது. தேர்தல் வந்தது அதற்குப் பதினான்கு மாதம் கழித்து. 115 பேர் கூடி நான்காம் சுற்றில் பதினாறாம் பெனடிக்டைத் தேர்ந்தார்கள். உரோமை நிர்வாகத்தை உள்ளிருந்து அறிந்த ஒருவரின் தீர்ப்பு அந்தக் கலத்தில் விழவில்லை. தமிழகத் திருச்சபைக்கு இது பெரிய இழப்பு. 2013 தேர்தலின்போதும் அவர் உயிரோடு இருந்தார், அப்போதும் வெளியேதான். 2014 ஜூன் 2இல் காலமானார்.

விதி எல்லாருக்கும் ஒரேபோல் இறுகுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வாக்காளர் 120 பேருக்கு மேல் போகக்கூடாது என்பது 1996 சட்டம். 2025 மே 7, 8இல் 133 பேர் வாக்களித்தார்கள். நான்காம் சுற்றில் பதினான்காம் லியோ வென்றார். வாக்கு எண்ணுவோரைக் குலுக்கலில் எடுக்கும் பணி, கடைநிலைக் கர்தினால் என்ற முறையில், கேரளத்தின் ஜார்ஜ் கூவக்காட்டுக்கு வந்தது. இந்தியாவிலிருந்து உள்ளே சென்ற மற்ற மூவர் கோவாவின் ஃபிலிப் நேரி ஃபெராவ், கேரளத்தின் பசேலியோஸ் கிளீமிஸ், ஆந்திரத்தில் பிறந்த ஆன்டனி பூலா. நால்வரில் தமிழ்நாட்டவர் எவருமில்லை.