சுவார்ட்ஸ் நினைவுச் சிற்பமும் கிரேக்கக் கல்லறை மரபும்

தமிழகத்தில் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் எழுப்பப்பட்ட ஐரோப்பியர் கல்லறைகளிலும் நினைவுச் சின்னங்களிலும் பண்டைய கிரேக்கக் கலையின் சாயலைக் காணலாம். தூண், கலயம், முக்கோண முகப்பு, தலைகீழாகப் பிடித்த தீப்பந்தம் ஆகியவை அதன் அடையாளங்கள் என்று பொதுவாகச் சொல்லப்படுகின்றன. ஆனால் இவை வெளித்தோற்றம் மட்டுமே. கிரேக்கக் கல்லறைக் கலையின் உயிர் வேறொன்றில் இருக்கிறது. அது தமிழ் மண்ணில் மிகத் தெளிவாக வெளிப்படும் இடம், தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி மன்னர் அமைத்த சுவார்ட்ஸ் நினைவுச் சிற்பம் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

சிற்றாற்றங்கரையிலிருந்து

தென்காசியில் வாழ்பவர்களுக்குச் சிற்பம் புதிதல்ல. பராக்கிரம பாண்டியர் 15ஆம் நூற்றாண்டில் கட்டிய காசி விசுவநாதர் கோயிலின் மண்டபத் தூண்களில் வீரபத்திரரும் மன்மதனும் ரதியும் ஆளுயரத்தில் நிற்பதைச் சிறு வயது முதல் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அதுபோல, இறந்தோரைக் கலயத்தில் வைக்கும் வழக்கமும் நமக்குப் புதிதல்ல. குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. அங்கிருந்து ஆற்றின் போக்கிலேயே சென்றால் ஆதிச்சநல்லூர் வந்துவிடும். 1876-இல் செருமானியரான ஜாகோரும், பின்னர் அலெக்சாண்டர் ரீயும் அகழ்ந்து, முதுமக்கள் தாழிகளை உலகறியச் செய்த ஊர் அது.

தாழி என்பது வெறும் பாண்டம் அல்ல என்பதைப் புறநானூற்றின் 256ஆம் பாடல் காட்டுகிறது. கணவனை இழந்த பெண் ஒருத்தி, தாழி வனையும் குயவரிடம், தானும் உடன் அடங்கும்படி அகலமாகச் செய்து தருமாறு கேட்கிறாள். அந்தப் பாடலில் மரணத்தைப் பற்றிய தத்துவம் இல்லை. பிரிய மனமில்லாத ஒருத்தியின் கோரிக்கை மட்டுமே இருக்கிறது. கிரேக்கக் கல்லறைச் சிற்பத்தைப் புரிந்துகொள்ள நமக்கு இதைவிட நல்ல வழிகாட்டி வேண்டியதில்லை.

ஏதென்ஸ் நகரின் கற்கள்

ஏதென்ஸ் நகர வாயிலுக்கு வெளியே கெராமெய்கோஸ் என்ற பகுதி இருந்தது. அது குயவர்கள் வாழ்ந்த இடம். பின்னர் நகரின் முதன்மையான இடுகாடாகவும் விளங்கியது. அங்கே கி.மு. 5ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து, புடைப்புச் சிற்பங்கள் கொண்ட பளிங்குக் கற்கள் நடப்பட்டன. அவற்றுள் புகழ்பெற்றது ஹெகெசோ என்னும் பெண்ணின் கல். அவள் நாற்காலியில் அமர்ந்திருக்கிறாள். பணிப்பெண் நீட்டும் பேழையிலிருந்து ஓர் அணிகலனை எடுத்துப் பார்க்கிறாள். அழுகை இல்லை, தெய்வம் இல்லை, சொர்க்கம் இல்லை. வழக்கமான ஒரு நாளின் ஒரு கணம், அவ்வளவுதான்.

வேறு பல கற்களில் இருவர் வலக்கையால் ஒருவர் கையை ஒருவர் பற்றி நிற்கிறார்கள். அமெரிக்காவின் கெட்டி அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு கல்லில், கவசம் அணிந்த பிலோக்செனோஸ் தன் மனைவி பிலூமெனேயின் கையைப் பற்றியிருக்கிறான். இறந்தவர் யார், இருப்பவர் யார் என்று இத்தகைய கற்களில் எளிதில் சொல்லிவிட முடியாது. விடைபெறுகிறார்களா, மறுபடியும் சந்திக்கிறார்களா என்பதும் திட்டமாகத் தெரியாது. அந்தத் தெளிவின்மையே சிற்பத்தின் வலிமை.

கெராமெய்கோஸில் கலயங்களும் உண்டு. நீண்ட கழுத்துடைய ஒரு வகைப் பாண்டம், மணமக்கள் நீராட நீர் கொண்டுவரப் பயன்பட்டது. மணமாகாமல் இறந்தவர்களின் கல்லறையில் அதே பாண்டத்தைப் பளிங்கில் செய்து வைத்தார்கள். நடக்காமல் போன திருமணத்தை அது சொன்னது. ஆகவே, கிரேக்கரின் கலயத்துக்கு ஒரு பொருள் இருந்தது.

கி.மு. 317-ஐ ஒட்டி, ஏதென்ஸை ஆண்ட தெமெத்ரியோஸ் ஆடம்பரக் கல்லறைகளைத் தடை செய்தார். மூன்று முழத்துக்கு மேற்படாத சிறு தூண் போன்ற எளிய அடையாளங்களே அனுமதிக்கப்பட்டன. சுமார் நூறாண்டுகள் மட்டும் தழைத்த ஒரு கலை அத்துடன் ஏதென்ஸில் நின்றது.

ஐரோப்பா எதை எடுத்துக்கொண்டது?

ஐரோப்பியக் கல்லறை மரபு கிரேக்கத்துக்குப் பட்ட கடன் மொழியிலேயே தெரியும். கல்லறைத் தோட்டத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், 'உறங்கும் இடம்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. (நம் 'பள்ளிப்படை' என்ற சொல்லில் வரும் 'பள்ளி'க்கும் உறங்குமிடம் என்ற பொருள் உண்டு என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.) பெரிய நினைவு மாளிகைகளை மௌசோலியம் என்பதற்குக் காரணம், கி.மு. 4ஆம் நூற்றாண்டில் ஹாலிகார்னாசஸ் நகரில் மௌசோலஸ் என்ற ஆட்சியாளருக்கு எழுந்த கல்லறை.

வடிவங்கள் பெருமளவில் திரும்பி வந்தது 18ஆம் நூற்றாண்டில். ஸ்டூவர்ட், ரெவெட் என்ற இரு ஆங்கிலேயர் ஏதென்ஸ் சென்று கட்டடங்களை அளந்து வரைந்து, 1762-இல் முதல் தொகுதியை வெளியிட்டனர். 1769-இல் செருமானிய அறிஞர் லெஸ்ஸிங், பண்டையோர் மரணத்தை எலும்புக்கூடாக அல்ல, தீப்பந்தத்தைத் தலைகீழாகப் பிடித்த இளைஞனாக, உறக்கத்தின் சகோதரனாகக் கண்டார்கள் என்று வாதிட்டார். அதன் பிறகு மண்டையோடும் எலும்பும் பின்வாங்கின. கலயமும் பந்தமும் முன்வந்தன. 1804-இல் பாரிஸில் திறக்கப்பட்ட பெர் லாஷேஸ், 1833-இல் லண்டனில் திறக்கப்பட்ட கென்சல் கிரீன் போன்ற கல்லறைத் தோட்டங்களில் இவை நிறைந்தன.

இதில் ஒரு முரண் இருக்கிறது. கலயம் எரித்த சாம்பலை வைப்பதற்கானது. அக்கால ஐரோப்பியக் கிறித்தவர்களோ உடலைப் புதைத்தார்கள். சாம்பலே இல்லாத கல்லறை மீது சாம்பல் கலயம் எதற்கு? இக்கேள்வியை அங்கேயே கேட்டார்கள். கட்டடக் கலைஞர் பியூஜின், கிறித்தவர் கல்லறையில் பிற சமயச் சின்னங்கள் ஏன் என்று 1840-களில் ஏளனம் செய்தார். அதன்பின் கோதிக் பாணி மேலோங்கியது. அந்த அலை நெல்லைச் சீமைக்கும் வந்தது. கால்டுவெல் இடையன்குடியில் எழுப்பிய, அவரே அடக்கமாகியிருக்கும் ஆலயம் கோதிக் பாணியிலானது.

நம் ஊர்க் கல்லறைகளில்

தமிழகத்தின் பழைய ஆங்கிலேயர் கல்லறைகளில் பல, செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு நம் கொத்தனார்கள் கட்டியவை. மேலே தூணும் தூணின் தலையில் கலயமும் வைத்தார்கள். கூர்நுனித் தூண்களும் உண்டு. அவற்றின் மூலம் எகிப்து, கிரேக்கம் அல்ல. நம் ஊர்க்காரர் ஒருவர் இந்தக் கலயத்தைப் பார்த்தால் கோபுரக் கலசம் என்றே நினைப்பார். கோபுரக் கலசம் மங்கலப் பொருள். கல்லறைக் கலயம் சாவின் சின்னம். செய்தவருக்கும் பார்ப்பவருக்கும் பொருள் புரியாத சின்னம் வெறும் அலங்காரமாகிவிடுகிறது. இவற்றுக்கு வரலாற்று மதிப்பு உண்டு. ஆனால் கிரேக்கச் சிற்பிகள் கல்லில் வைத்த உணர்வை இவற்றில் தேடுவது வீண்.

ஒரே மரணம், இரண்டு சிற்பங்கள்

விதிவிலக்கு தஞ்சாவூரில் இருக்கிறது. பிரெடெரிக் கிறிஸ்டியன் சுவார்ட்ஸ் என்ற செருமானிய மறைப்பணியாளர் 13 பிப்ரவரி 1798 அன்று தஞ்சையில் காலமானார். நெல்லைக்கும் இவர் அறிமுகமானவர். பாளையங்கோட்டையில் குளோரிந்தா கட்டிய ஆலயத்தை 1785-இல் அர்ப்பணித்தவர் இவரே. இளவரசர் சரபோஜிக்கு இவர் காப்பாளராகவும் ஆசானாகவும் இருந்தார். அவருடைய நினைவாக இரண்டு பளிங்குச் சிற்பங்கள் இங்கிலாந்திலிருந்து வந்தன. ஒன்றைக் கிழக்கிந்தியக் கம்பெனி, இளைய ஜான் பேக்கனிடம் செய்வித்து, சென்னைக் கோட்டையிலுள்ள தூய மரியாள் ஆலயத்தில் வைத்தது. மற்றொன்றைச் சரபோஜி, ஜான் பிளாக்ஸ்மனிடம் செய்வித்து, தஞ்சை சிவகங்கைக் கோட்டையிலுள்ள ஆலயத்தில் வைத்தார். இரண்டும் சுவார்ட்ஸின் மரணப் படுக்கையையே காட்டுகின்றன. இப்படி ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு அரிது.

பேக்கனின் சிற்பத்தில் மாணவச் சிறுவர்களும் உடன் ஊழியர்களும் படுக்கையைச் சூழ்ந்திருக்கிறார்கள். ஒரு சிறுவன் அவர் கையைத் தழுவியிருக்கிறான். ஆனால் சுவார்ட்ஸ் அவனைப் பார்க்கவில்லை. மேலே மேகத்தில் ஒரு தேவதூதர் சிலுவையை ஏந்தி நிற்கிறார். இறப்பவரின் பார்வையும் உயர்த்திய கையும் அங்கே செல்கின்றன. நாமும் சிறுவனை விட்டுவிட்டு மேலே பார்க்கிறோம்.

பிளாக்ஸ்மன் சிற்பத்தில் மேகமும் இல்லை, தேவதூதரும் இல்லை. படுக்கையில் சுவார்ட்ஸ் கிடக்கிறார். தலைமாட்டில் சக ஊழியர் கெரிக்கே நிற்கிறார். அருகில் நிற்கும் சரபோஜி, சுவார்ட்ஸின் கையைப் பற்றியிருக்கிறார். மன்னரின் பரிவாரத்தினரும் பள்ளிச் சிறுவர்களும் உடன் இருக்கிறார்கள். சிற்பத்தின் மையம் அந்த இரண்டு கைகள். பிலோக்செனோஸின் கல்லில் பார்த்த அதே கைகள் இவை.

பிளாக்ஸ்மன் ரோமில் ஏழாண்டுகள் தங்கிப் பயின்றவர். ஹோமரின் காவியங்களுக்கு அவர் வரைந்த கோட்டோவியங்கள் 1793-இல் வெளிவந்து ஐரோப்பா முழுவதும் புகழ் பெற்றன. கிரேக்கப் பாண்டங்களின் ஓவியங்களிலிருந்து அவர் கற்றது சிக்கனம். உருவங்கள் போதும், பின்னணி வேண்டாம் என்ற துணிவு. தஞ்சைச் சிற்பத்தில் அந்தப் பயிற்சி முழுமையாகப் பலன் தந்திருக்கிறது. கிரேக்கச் சின்னம் எதையும் நம்பாமல் கிரேக்க மனநிலையை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார்.

சுவார்ட்ஸின் கல்லறைக் கல்லிலுள்ள ஆங்கிலக் கவிதை வரிகளைச் சரபோஜியே எழுதினார். ஓர் இந்து மன்னர், ஒரு கிறித்தவ ஆசிரியருக்கு, பண்டைய கிரேக்க மரபில் தோய்ந்த ஆங்கிலச் சிற்பியைக் கொண்டு நினைவுக்கல் நிறுத்தினார். இதை 'வெள்ளைக்காரன் சின்னம்' என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட முடியுமா?

குறைகளும் ஓர் எதிர்வாதமும்

குறைகளும் உண்டு. பிளாக்ஸ்மன் தஞ்சையைப் பார்த்தவரல்லர். நம் மனிதரின் முகமும் நிற்கும் பாங்கும் அவருக்குக் கேள்வி அறிவே. நிகழ்வும் அப்படியே நடந்ததல்ல. நோயுற்றிருந்த ஆசானைச் சரபோஜி கண்டதும், பின்னர் அடக்கத்தின்போது கண்ணீர் விட்டதும் பதிவாகியுள்ளன. சிற்பி அந்த உணர்வுகளை ஒரே காட்சியில் இணைத்திருக்கிறார். ஏதென்ஸ் சிற்பியும் இதையே செய்தார் என்பதால் இதைப் பெரும் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை.

இதைவிட வலுவான எதிர்வாதம் அரசியல் சார்ந்தது. சுவார்ட்ஸ் மறைந்த அடுத்த ஆண்டு, 25 அக்டோபர் 1799 அன்று, சரபோஜி கம்பெனியுடன் உடன்படிக்கை செய்து, நாட்டின் நிர்வாகத்தை ஒப்படைத்தார். அதற்கு ஒன்பது நாள் முன்பு, அக்டோபர் 16 அன்று, கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். தென்பாண்டி நாட்டில் கம்பெனியின் கை கழுத்தை நெரித்த அதே மாதத்தில், தஞ்சையில் அது ஆட்சியைப் பறித்தது. அப்படியிருக்க, கையைப் பற்றி நிற்கும் இந்தக் காட்சி ஓர் இனிய பொய் அல்லவா?

இந்தக் கேள்வியைத் தவிர்க்கக் கூடாது. பாஞ்சாலங்குறிச்சிப் பகுதியில் 1799, 1801 போர்களில் இறந்த கம்பெனிப் படையினரின் கல்லறைகள் உள்ளன. கட்டபொம்மனையும் ஊமைத்துரையையும் மனத்தில் கொண்டு வளர்ந்தவர்கள் அவற்றின் முன் தலை வணங்க வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது. ஆயினும் அவற்றை இடிக்காமல் விட்டிருப்பது நம் மக்களின் பெருந்தன்மை. தஞ்சைச் சிற்பத்தின் நிலை வேறு. கம்பெனி தன் பணத்தில் செய்வித்த சிற்பத்தில் மன்னருக்குத் தந்த இடத்தை அல்ல, மன்னர் தாமே செய்வித்த சிற்பத்தில் தமக்கு எடுத்துக்கொண்ட இடத்தை இங்கே காண்கிறோம். தம் நாட்டை வாங்கிக்கொண்டவர்களின் அதிகாரத்தை அவர் கல்லில் வடிக்கவில்லை. தம் ஆசான் ஒருவரின் கையை மட்டும் வடித்தார். ஆட்சி போன பின்னும் தம்முடையதாக எஞ்சிய ஓர் உறவை அவர் காட்டியிருக்கிறார். ஆசிரியராகப் பல ஆண்டுகள் பணியாற்றிய எனக்கு இதைப் பொய் என்று சொல்ல மனம் வரவில்லை.

மதிப்பீடு

ஒரு கலை வேறொரு நாட்டுக்குச் செல்லும்போது அதன் சின்னங்கள் எளிதாகப் பயணம் செய்கின்றன, பொருள் பின்தங்கிவிடுகிறது. நம் கல்லறைகளின் கலயங்கள் அதற்குச் சான்று. சில வேளைகளில் சின்னங்கள் எதுவும் வராமல் உணர்வு மட்டும் வந்து சேர்கிறது. தஞ்சைச் சிற்பம் அதற்குச் சான்று. கணவனுடன் ஒரே தாழியில் அடங்கக் கேட்ட புறநானூற்றுப் பெண்ணும், மனைவியின் கையைப் பற்றிய பிலோக்செனோஸும், ஆசானின் கையைப் பற்றிய சரபோஜியும் ஒரே வரிசையில் நிற்பவர்கள்.

பழைய கல்லறைகளைப் பற்றிப் பேசும்போது, எல்லாம் அந்நியருடையது என்று கைவிடுவதும், எல்லாம் பாரம்பரியம் என்று ஒரே தரத்தில் போற்றுவதும் தவறு. ஒவ்வொன்றின் முன்னும் நின்று, செய்தவர் யார், செய்வித்தவர் யார், என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டும். கேட்பதற்கு அவை நின்றிருக்கவும் வேண்டும். தென்காசிக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியர், பிற்காலத்தில் இதைக் காப்பவர் யாராயினும் அவர் பாதம் பணிவதாகக் கல்வெட்டில் பொறித்து வைத்தார். பார்க்கப்போகாத தலைமுறையிடம் ஓர் அரசர் வைத்த விண்ணப்பம் அது. அது கோயிலுக்கு மட்டும் உரியதல்ல.