சிரித்துவிட்டு மறப்பது

மயிலாப்பூரில் ஒரு சபா. மார்கழி முடிந்து கச்சேரி விளம்பரத் தட்டிகள் எல்லாம் இறங்கிவிட்டன. அதே மேடையில் அன்று ஹாஸ்ய நாடகம். எனக்குப் பக்கத்து நாற்காலியில், எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெரியவர். இரண்டு வாரங்களுக்கு முன்பு அதே நாற்காலியில் அவர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். பாடகர் கல்யாணியில் ஒரு பிடியைச் சற்றே நழுவ விட்டபோது அவர் முகம் சுளித்ததுகூட ஞாபகம் இருந்தது. நாடகத்தின்போது அதே மனிதர் இரண்டு மணி நேரம் வயிறு குலுங்கச் சிரித்தார். திரை விழுந்ததும் அங்கவஸ்திரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"எப்படி மாமா இருந்தது?" என்றேன்.

"பேஷா இருந்தது. மனசு விட்டுச் சிரிச்சேன்."

"கதை?"

"அதெல்லாம் கேக்காதேங்கோ. டிராமான்னா அதெல்லாம் பாக்கப்படாது. ரெண்டு மணி நேரம் கவலையை மறந்தோமா, ஆத்துக்குப் போனோமா!"

ஆட்டோவில் வீடு போய்ச் சேரும் வரையில் அந்தப் பதில் என்னைத் தொந்தரவு செய்துகொண்டே வந்தது. சங்கீதத்துக்கு ஒரு காது, சிரிப்புக்கு இன்னொரு காது என்று வைத்துக்கொண்டிருக்கிறோமே, ஏன்?

சென்னை சங்கீதப் பட்டணம்தான், சந்தேகமில்லை. 1927-ல் இங்கே காங்கிரஸ் மகாசபை கூடியபோது கூடவே ஒரு சங்கீத மாநாடும் நடந்தது. அதன் பயனாக மறு வருஷம் மியூசிக் அகாடமி பிறந்தது. 2017-ல் யுனெஸ்கோ நிறுவனம் தன் படைப்பு நகரங்களின் வரிசையில், சங்கீதத்துக்காகவே சென்னையைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் இந்த ஊருக்குச் சிரிப்பிலும் ஒரு சரித்திரம் உண்டு. அதை யாரும் அவ்வளவாக எடுத்துச் சொல்வதில்லை.

நாடகம் என்றாலே கௌரவமான குடும்பத்தார் முகத்தைத் திருப்பிக்கொண்ட காலத்தில், 1891-ல், பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் முகத்தில் அரிதாரம் பூசிக்கொண்டார்கள். அவருடைய 'சபாபதி'யில் எஜமானுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர். சொன்னதைச் சொன்னபடியே செய்து காரியத்தைக் கெடுக்கிறவன் வேலைக்காரன். எஜமானின் மூளையும் அதற்குக் கொஞ்சமும் சளைத்ததில்லை. ஒருவனைப் பார்த்துச் சிரிக்கும்போது மற்றவனையும் பார்த்துச் சிரிக்க வேண்டியிருக்கிறது. 1941-ல் அது சினிமாவாக வந்தது. இன்றைக்குப் போட்டுப் பார்த்தாலும் சிரிப்பு வருகிறது.

பிறகு கே. பாலசந்தரின் 'சர்வர் சுந்தரம்' மேடையில் வெற்றி பெற்று 1964-ல் படமானது. எல்லோரையும் சிரிக்க வைக்கும் ஹோட்டல் சர்வருக்குக் காதல் மட்டும் கிட்டாமல் போகிறது. நாகேஷைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே தொண்டை அடைக்கும். 1968-ல் சோவின் 'முகமது பின் துக்ளக்'. 600 வருஷத்துக்கு முந்திய சுல்தான் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் வந்து தேர்தலில் நின்று, பிரதம மந்திரியாகவும் ஆகி, கட்சி மாறி வந்தவர்களுக்கெல்லாம் துணைப் பிரதமர் பதவியை வாரி வழங்குகிறான். மேடையில் சோபா இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்தச் சிரிப்பில் ஒரு கோபம் இருந்தது.

இவற்றையெல்லாம் பார்த்து வளர்ந்த ஊர், பிற்பாடு வந்த சபா நாடகங்களுக்குத் 'துணுக்குத் தோரணம்' என்று பெயர் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. நானும் அப்படிச் சொன்னவன்தான். சொல்வதற்குச் சௌகரியமான வார்த்தை. சொன்ன பிறகு நாடகத்தைக் கவனிக்க வேண்டியதில்லை!

கவனித்தால் என்ன தெரிகிறது? முதலாவது, ஹாஸ்யம் லய சம்பந்தமானது. சபையில் சிரிப்பு அலை எழுந்து உச்சிக்குப் போய் இறங்குகிறது. நடிகன் அடுத்த வார்த்தையை எப்போது எடுப்பது? அவசரப்பட்டால் வார்த்தை சிரிப்பில் முழுகிவிடும். அலை முழுவதும் அடங்கட்டும் என்று காத்திருந்தால் மண்டபம் ஆறிவிடும். இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது. பாட்டில் அரை இடம் தள்ளி எடுக்கும் எடுப்பைப் போல அதுவும் கணக்குத்தான். பகலெல்லாம் ஆபீஸில் கோப்புப் பார்த்துவிட்டு, சாயங்காலம் யார் வீட்டு மாடியிலோ ஒத்திகை பார்க்கிற அமெச்சூர்கள் இதைச் சாதிக்கிறார்கள். யாராவது 'ஆஹா' போடுகிறோமா?

இரண்டாவது, துணுக்குகள் எல்லாம் ஒரே ஜாதி இல்லை. இதற்கு நான் ஒரு பரீட்சை வைத்திருக்கிறேன். நகைச்சுவையை ஒரு பாத்திரத்தின் வாயிலிருந்து பிடுங்கி இன்னொரு பாத்திரத்தின் வாயில் போட்டுப் பார்க்க வேண்டும். அங்கேயும் அது செல்லுபடியானால் துணுக்கு, செல்லாவிட்டால் ஹாஸ்யம். கிரேஸி மோகன் வசனம் எழுதிய 'மைக்கேல் மதன காமராஜன்' 1990-ல் வந்தது. அதில் கல்யாண வீட்டுச் சாம்பாரில் மீன் விழுந்துவிடுகிறது. வேறு யாருக்காவது அது வெறும் மீன். பாலக்காட்டுச் சமையல்காரன் காமேஸ்வரனுக்கோ குல நாசம்! அவனை விட்டு அந்தச் சிரிப்பைப் பிரிக்க முடியாது.

அதே கிரேஸி மோகனின் மேடை நாடகங்கள் சிலவற்றில் மாதுவும் ஜானகியும் மூச்சு விடக்கூட இடமில்லாமல் சிலேடைகள் வந்து மோதும். வார்த்தையைத் திருப்பிப் போடுவதில் அவருக்கு இருந்த சாமர்த்தியம் அபூர்வமானது. ஆனால், மாது பேசுவதை அவன் நண்பனோ மாமனாரோ பேசினாலும் சிரிப்பு வரும் என்று தோன்றுகிற இடங்கள் உண்டு. 2019-ல் அவர் மறைந்தபோது தமிழ் நாடே அவரைக் கொண்டாடியது. வாழ்ந்த காலத்தில், 'இந்த இடம் உச்சம், இந்த இடம் உங்கள் தரத்துக்குக் கீழே' என்று பிரித்துச் சொல்லும் விமர்சனம் அவருக்குப் போதுமான அளவு கிடைத்ததா? கிடைக்கவில்லை என்றே நினைக்கிறேன். சங்கீதத்துக்கு ஒரு சுப்புடு இருந்தார். அவர் எழுதியதைப் படித்துக் கோபித்துக்கொண்ட வித்வான்களும் அடுத்த கச்சேரிக்கு ஜாக்கிரதையாகத்தான் வந்திருப்பார்கள். ஹாஸ்யத்துக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை.

சபா நாடகம் தேய்ந்ததற்கு 1975-ல் சென்னைக்கு வந்த டெலிவிஷனைக் காரணம் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் டெலிவிஷன் கச்சேரியையும்தான் வீட்டுக்குள் கொண்டுவந்தது. கச்சேரி பிழைத்துக்கொண்டதே! தப்பு நேர்ந்தால் முகம் சுளிக்க அங்கே ஒரு கூட்டம் இருந்தது. பாடுகிறவரை அந்தச் சுளிப்புத்தான் காப்பாற்றியது. நாடகக்காரரைப் பார்த்து நாம் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்று: "சிரிப்பு உண்டா?" கேட்டதை அவர்கள் கொடுத்தார்கள். மாமியார், டாக்டர், காது மந்தமான தாத்தா என்று திரும்பத் திரும்பக் கொடுத்தார்கள். குறை அவர்களுடையது மட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒரு மாதம் கழித்துக் கபாலி கோயில் குளக்கரையில் அந்தப் பெரியவரை மறுபடியும் பார்த்தேன். அவரே என்னைக் கண்டுகொண்டு நின்றார்.

"அன்னிக்குக் கதை என்னன்னு கேட்டேளே, ராத்திரி படுத்துண்டு யோசிச்சுப் பாத்தேன். ஒண்ணும் ஞாபகம் வரல்லே" என்றார்.

நான் சிரித்தேன்.

"ஆனா ஒண்ணு. வேலைக்காரனா வந்தானே ஒரு பையன், எஜமான் கூப்பிட்டதும் உடனே பதில் சொல்லாம ஓர் அட்சரம் நின்னான் பாருங்கோ. அது நன்னா இருந்தது. அதுக்கப்புறம் வந்த டாக்டர் ஜோக் வேண்டாம். அது போன வருஷமே கேட்டாச்சு."

சொல்லிவிட்டு அவர் கோயிலுக்குள் போய்விட்டார். அவர் சொன்னதை அந்த நாடகக்காரர்களுக்கு ஒரு கார்டில் எழுதிப் போட்டிருக்கிறேன்.