ஆளில்லா அரங்கில் ஓர் இசை

பொம்பேயி நகரின் உரோமை வட்டரங்கில், பிங்க் ஃபிளாய்ட் என்னும் ஆங்கிலேய ராக் இசைக்குழு 1971 அக்டோபரில் வாசித்ததை ஏட்ரியன் மேபன் படமாக்கினார். காண எவரும் அழைக்கப்படவில்லை. வுட்ஸ்டாக் விழாப்படம் (1970) இலட்சக்கணக்கானோரின் திரளைக் காட்டிப் புகழ்பெற்றிருந்த காலத்தில், மேபன் நாடியது வெறுங் கல்லிருக்கைகளை. கி.பி. 59-இல் வாட்போர் காணவந்த கூட்டம் தனக்குள்ளேயே வெட்டி மடிந்த அரங்கு அது; இருபதாண்டு கழிந்து, 79-இல் வெசூவியஸின் சாம்பல் அதை மூடியது. அத்தகைய இடத்தில் கைதட்டலை எதிர்பாராத இசை நம்மை உலுக்குகிறது.

2025-இல் மூலச் சுருளிலிருந்து புதுப்பிக்கப்பட்டு, ஸ்டீவன் வில்சன் சீரமைத்த ஒலியுடன் இப்படம் மீண்டும் திரைக்கு வந்தது. கல்லும் புழுதியும் துலங்குகின்றன. ஆயின் அத்துலக்கமே குறையையும் காட்டிக் கொடுக்கிறது: சில பாடல்கள் பாரிஸ் படப்பிடிப்புக் கூடத்தில் பின்னர் எடுக்கப்பட்டவை. பழைய மங்கலில் ஒளிந்திருந்த ஒட்டு இப்போது கண்ணை உறுத்துகிறது.

நம் நெஞ்சில் நிற்பது 'ஒன் ஆஃப் தீஸ் டேஸ்' என்னும் பகுதி. மற்றவர்களைப் பிடித்த சுருள்கள் தொலைந்துபோனதால், ஏறக்குறைய முழுவதும் டிரம்ஸ் வாசிக்கும் நிக் மேசனே தெரிகிறார். நடுவே ஒரு குச்சி கைநழுவுகிறது. தாளம் பிசகாமல் வேறொன்றை எடுத்துக்கொள்கிறார். சுருள்கள் தொலையாதிருந்தால் ஒரு மனிதரின் உழைப்பை இத்தனை நேரம், இத்தனை அருகில் கண்டிருப்போமா?

வாய்ப்புள்ளோர் பெரிய திரையில் காண்க. சிறு திரையில் அவ்வெற்றிருக்கைகள் சுருங்கிவிடுகின்றன.